கால் பெருவிரலில் எலுமிச்சம்பழம்

என் மகளுக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது, வலது கால் பெருவிரலில் எலுமிச்சம்பழத்தை மாட்டிக்கொண்டு பல வாரங்கள் வீட்டுக்குள் நடந்தாள். மாட்டிவிட்டது நான். இதில் வேறு யார் மீதும் பழி போட வழியில்லை.

தொடக்கத்தில் நகத்தின் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. பள்ளிவிட்டு வந்து காலணியைக் கழற்றும்போது முகத்தைச் சுளித்தாள். பார்த்தவுடன் நகச்சுற்று என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் குடும்பத்தில் நகச்சுற்றுக்கு வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். எலுமிச்சம்பழத்தில் விரல் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, உள்ளே மஞ்சள்தூளும் உப்பும் வைத்து, குல்லா மாட்டுவதுபோல் விரலில் மாட்டிவிட வேண்டும். கைவிரலுக்கு அது சரி. கால்விரலுக்கு மாட்டினால் பிள்ளை குதிகாலால்தான் நடக்க வேண்டும். அவள் வாத்துபோல் நடந்து போய்த் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைப் பார்த்து நானும் என் கணவரும் சிரித்திருக்கிறோம். ஹால் முழுக்கப் புளித்த வாடை அடித்தது.

"இன்னும் எத்தன நாளைக்கும்மா இது?"

"சீழ் உடையிற வரைக்கும்."

சீழ் உடையவே இல்லை. உடைவதற்கு அங்கே சீழே இல்லை என்பது எனக்குத் தெரியாது.

எனக்கு முன்கோபம் அதிகம். மலேசியாவின் ஈப்போ நகரத்தில் சீனர் ஒருவர் நடத்தும் திரைச்சீலைக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் சிரித்துவிட்டு, மிச்சமிருக்கும் கோபத்தை எல்லாம் வீட்டுக்கு எடுத்துவருகிறவள். பள்ளியில் விளையாட்டுப் போட்டிக்கான ஓட்டப் பயிற்சி ஆரம்பித்ததும் இவள் கால் வலி என்று உட்கார்ந்துகொண்டாள். "ஓடணும்னா மட்டும் கால் வலிக்குதோ? டிவி பாக்குறப்ப வலிக்கலையா?" என்று கேட்டேன். மறுநாள் பயிற்சியில் ஓடினாள். ஆசிரியை அனுப்பிய படத்தில் வலது காலைக் கோணலாக ஊன்றி ஓடிக்கொண்டிருந்தாள். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. எனக்கு அது வேண்டியதுதான்.

பிறகு கிளினிக்குக்கு அலைந்தோம். முதல் டாக்டர், நகம் சதைக்குள் வளர்கிறது என்று மாத்திரை கொடுத்தார். அடுத்த முறை நகத்தின் ஓரத்தை வெட்டி எடுத்தார். ஆறியதுபோல் இருந்தது, ஆனால் நகம் மறுபடியும் மேலே தூக்கிக்கொண்டது. வேறொரு டாக்டர் இது மருவாக இருக்கலாம் என்று தடவுவதற்கு ஒரு மருந்து கொடுத்தார். அதைத் தடவும்போது பிள்ளை தலையணையைக் கடித்துக்கொண்டாள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். எல்லாரும் மேலே இருந்த நகத்தைத்தான் பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்த்தேன்.

கடைசியில் ஓர் இளம் பெண் டாக்டர்தான் அந்த விரலைக் கையில் பிடித்து, நகத்துக்கு அடியில் நிதானமாக அழுத்திப் பார்த்தார். தமிழ்ப் பெண்தான்.

"அக்கா, இது சதை இல்லீங்க. கல்லு மாதிரி இருக்கு. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடுவோம்."

எக்ஸ்ரேயில் பெருவிரல் எலும்பின் நுனியிலிருந்து இன்னொரு சின்ன எலும்பு மேல்நோக்கிக் கிளம்பியிருந்தது. இஞ்சியில் முளை விடுமே, அந்த மாதிரி. அந்த முளைதான் நகத்தை அடியிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பில் வருகிற ஒருவகை ட்யூமர் என்றார், பெரும்பாலும் ஆபத்தில்லாத வகை என்றார், எலும்பு நிபுணரிடம் அனுப்புகிறேன் என்றார். அவர் சொன்ன எல்லாவற்றிலும் என் காதில் விழுந்தது ட்யூமர் என்ற ஒரு சொல்தான்.

அதற்குக் காரணம் உண்டு. எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். காம்பாருக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் வளர்ந்தோம். இப்போது அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அண்ணனுக்குப் பதினான்கு வயதில் முழங்காலுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. பந்து விளையாடியதில் அடிபட்டிருக்கும் என்று சொன்னார்கள். தோட்டத்துக் காற்பந்துக் குழுவுக்கு உருவிவிடுகிறவர் இரண்டு மாதம் எண்ணெய் போட்டு உருவினார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். எட்டு மாதத்தில் அண்ணன் போய்விட்டான். அப்போது எனக்கு எட்டு வயது. அதன்பிறகு எங்கள் வீட்டில் கட்டி என்ற சொல்லை யாரும் வாயால் சொன்னதில்லை. யாருக்கு எது வந்தாலும் வீக்கம் என்போம். என் மகளுக்கு இப்படி ஒரு மாமா இருந்தார் என்பதே தெரியாது.

அன்று சாயங்காலம் கணவர் வேலை முடிந்து வந்ததும் குசினியில் அடுப்புப் பக்கம் நின்றபடி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். கண்டோனீஸ் சீனத்தில்தான். அவர் ஏர்கோன் பழுது பார்க்கிறவர், அவருடைய முதலாளியும் சீனர். ஈப்போவில் எங்களைப் போன்றவர்களுக்குக் கண்டோனீஸ் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளைக்குத் தெரியக் கூடாத எதையும் நாங்கள் அந்த மொழியில்தான் பேசுவோம். பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது, எந்தச் சொந்தக்காரர் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அதில்தான். மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் அவளுக்குத் தெரியும் என்பதால் ஒளிக்க எங்களுக்கு மிஞ்சியது கண்டோனீஸ் மட்டும்தான்.

முதலில் ஒரு கட்டி, பிறகு கால், பிறகு என் அண்ணனே இல்லை என்று அழுதேன். இவளுக்கும் காலை எடுக்கச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன். என் கணவர் அதிகம் பேசாதவர். கையைக் கழுவிக்கொண்டே, "கால் போனாலும் போகட்டும், பிள்ளை இருந்தால் போதும்" என்றார். மகள் ஹாலில் காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவள் ரொம்ப நல்ல பிள்ளையாகிவிட்டாள். தட்டில் வைத்த கீரையைச் சொல்லாமலே சாப்பிட்டாள். காலையில் ஒரே அழைப்பில் எழுந்தாள். என் பயத்துக்கு நடுவிலும், வளர்ந்துவிட்டாள், பொறுப்பு வந்துவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் வேறு.

எலும்பு நிபுணரைப் பார்க்கப் போன அன்று நாங்கள் மூவரும் போனோம். வெளியே பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மகனுக்குக் கையில் கட்டு. வாய் ஓயாத பெண். என் பயத்துக்கு அன்று அப்படி ஒருத்திதான் தேவைப்பட்டாள்.

"மாங்கா அடிக்க கால்ல கெடந்த செலிப்பர தூக்கி வீசினான்கா. வீசினதுக்கே கை முறிஞ்சிப் போச்சி! மரத்துல ஏறி விழுந்துட்டு பொய் சொல்றான்னு நான் வேற முதுகுல ரெண்டு வச்சேன். இங்க வந்து பாத்தா, எலும்புக்குள்ள பொந்தாம், அதுல தண்ணியாம். எவ்ளோ நாளா இருந்துச்சோ, ஒரு வலியுமில்ல அவனுக்கு."

"இப்ப எப்படி இருக்கு?"

"ஊசி போட்டு சரி பண்ணிடலாம்னு சொல்லிட்டாங்க. கெட்ட கட்டி இல்லையாம். நான்தான் கெட்டவளா ஆயிட்டேன்." அவள் சத்தமாகச் சிரித்தாள். அந்தப் பையனும் சிரித்தான். பயம் வந்த பிறகு முதல் முறையாக எனக்கும் சிரிப்பு வந்தது.

நிபுணர் எங்கள் வயதை ஒத்த சீனர். என் கணவர் கண்டோனீஸில் வணக்கம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பேச்சு அதிலேயே போனது. எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். பிள்ளையின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரலை இப்படியும் அப்படியும் திருப்பினார். என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டார். மாத்திரை, நகம் வெட்டியது, மருந்து என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை மட்டும் முணுமுணுத்தேன். அவர் விடவில்லை, திரும்பச் சொல்ல வைத்தார்.

"எத்தனையோ பார்த்திருக்கிறேன், எலுமிச்சம்பழம் இதுதான் முதல் தடவை" என்றார். பிறகு ஆறுதலாகவே பேசினார். பிள்ளைகளுக்கு எலும்பில் வருகிற சாதுவான கட்டிகள் நேர்வழியில் வருவதில்லையாம். இடுப்பில் இருந்துகொண்டு முழங்காலில் வலியைக் காட்டுமாம். வலியே இல்லாமல் இருந்து ஒருநாள் எலும்பு முறியும்போது வெளியே தெரியுமாம். முதுகில் இருந்தால் பிள்ளை கோணலாக நிற்குமாம், பெற்றவர்கள் நிமிர்ந்து நில் என்று திட்டுவார்களாம். இது நகக்கோளாறு மாதிரி வேஷம் போட்டிருக்கிறது என்றார்.

என் கணவருக்கு அதெல்லாம் போதவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, கண்டோனீஸில், "டாக்டர், எதுவரைக்கும் வெட்ட வேண்டியிருக்கும்?" என்று கேட்டார்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் என் மகள் பேசினாள். தெளிவான கண்டோனீஸ். எங்களுடையதைவிட நல்ல உச்சரிப்பு.

"முழங்காலுக்கு மேலேயா, கீழேயா?"

டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

எங்கள் முட்டாள்தனத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கைக்குழந்தையிலிருந்து பள்ளிக்குப் போகும்வரை என் மகளைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி. அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் காலையிலிருந்து மாலைவரை ஹாங்காங் தொடர்நாடகம்தான் ஓடும். எங்கள் முன்னால் அந்த ஆண்டி பிள்ளையிடம் உடைந்த மலாயில் பேசுவார், அவளும் மலாயில் பதில் சொல்வாள். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டோம். ஐந்து வருடம் ஒரு வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, அந்த வீட்டு மொழி அவள் காதில் ஏறியிருக்காது என்று நம்பினோம் பாருங்கள். அந்த நாடகங்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள். ஆகவே நாங்கள் குசினியில் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். எங்களை விட்டுவிட்டு அவளிடம் மட்டும் பேசினார். "காலை யாரும் எடுக்கப் போவதில்லை. நகத்தைத் தூக்கி, இந்த முளையை மட்டும் செதுக்கி எடுப்பேன். அவரைக்கொட்டை அளவுகூட இருக்காது. உன் விரலும் உனக்கு, காலும் உனக்கு."

"அது கெட்டதா?" என்று அவள் கேட்டாள்.

அவர் மழுப்பவில்லை. "இல்லை என்றுதான் நினைக்கிறேன். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவேன். அது வந்த பிறகு உறுதியாகச் சொல்வேன்."

அவள் தலையாட்டினாள். என் கணவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது பின்னிருக்கையில் நானும் அவளோடு உட்கார்ந்தேன். திட்டுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதான? ஏன் கேக்கல?"

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான அதுல பேசினீங்க. தெரியும்னு சொன்னா நீங்க இன்னும் அழுவீங்க."

சிறிது தூரம் போனதும் அவளே கேட்டாள். "மாமாவுக்கும் முதல்ல சின்னதாதான் இருந்துச்சா?"

இந்த முறை ஒளிக்கவில்லை. அண்ணனைப் பற்றி எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். வீக்கம் என்று சொல்லாமல் கட்டி என்றே சொன்னேன். அவனுடைய கட்டி வேறு, உன்னுடையது வேறு என்றேன். அவன் எப்படிச் சிரிப்பான், எனக்கு எப்படிச் சைக்கிள் பழக்கினான் என்றெல்லாம் சொன்னேன். முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரும் அவற்றை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார். பேசி முடித்தபோது பயம் தீரவில்லை. ஆனால் மூச்சு ஒழுங்காக வந்தது.

அறுவை சிகிச்சை ஒரு மணி நேரம்கூட இல்லை. மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் போர்வைக்குள் கையை விட்டுக் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பசிக்கிறது என்றாள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் காத்திருந்தோம். கடையில் திரைச்சீலைக்கு அளவு எடுக்கிறபோது இரண்டு முறை தப்பாக எழுதினேன். முதலாளியம்மா ஒன்றும் சொல்லாமல் திருத்திக்கொண்டார்.

முடிவு வந்த அன்று நானும் அவளும் மட்டும்தான் போனோம். கணவருக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை. டாக்டர் கதவைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். அதிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் காகிதத்தை எடுத்து, என்னிடம் தராமல் என் மகளிடம் கொடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து விளக்கினார். கெட்டது எதுவும் இல்லை. சுத்தமாக எடுத்தாகிவிட்டது. திரும்பவும் முளைக்கிறதா என்று சில மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். முளைத்தாலும் இதே மாதிரி செதுக்கிவிடலாம். நான் அவருக்கு எத்தனை தடவை நன்றி சொன்னேன் என்று தெரியாது. கடைசியில் அவரே போதும் போதும் என்று கையைக் காட்டினார். அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அதுகூட எனக்கு நன்றாக இருந்தது. என் அம்மாவுக்குக் கிடைக்காத ஒரு காகிதம் எனக்குக் கிடைத்திருந்தது. அதை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, இருக்கிறதா என்று இரண்டு தரம் திறந்து பார்த்தேன்.

கணவரை அழைத்தேன். யார் வீட்டிலோ ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார் போல. பழக்கதோஷத்தில் கண்டோனீஸில்தான் கேட்டார்.

"தமிழ்லயே பேசுங்க. ஒளிக்க ஒண்ணுமில்ல. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்றேன். மறுமுனையில் ஏணியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

எங்கள் வீடு இருக்கும் தாமானுக்குள் வண்டி திரும்பியதும் மகள் சொன்னாள். "அம்மா, அந்த முனை வீட்டுல கொஞ்சம் நிப்பாட்டுங்க."

அது அவளுடைய வகுப்புத் தோழியின் வீடு. "என்னாத்துக்கு?"

"என் ஸ்கேட்ஸ வாங்கணும்."

சக்கரம் வைத்த அந்தக் காலணியை அவளுடைய அப்பா பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தார். விரல் வலி வந்ததிலிருந்து அவள் அதைப் போடவில்லை. அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இரவல் குடுத்தியா?"

"இல்ல. குடுத்துட்டேன். அவளையே வச்சிக்கச் சொல்லிட்டேன்."

"எப்ப?"

"நீங்களும் அப்பாவும் குசினியில பேசினீங்கல்ல, அதுக்கு மறுநாளு."

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கீரையைச் சாப்பிட்டு, ஒரே அழைப்பில் எழுந்து, பக்கத்துத் தெருவுக்கு நொண்டி நொண்டி நடந்து போய் என் பிள்ளை தன் காலுக்கு விடை கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த நாட்களில்தான் நான் அவளுக்குப் பொறுப்பு வந்துவிட்டதென்று மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

"கால எடுக்க மாட்டேன்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாருல்ல. அப்பவே போய் கேட்டிருக்கலாமே?"

"உறுதியா தெரியட்டும்னு இருந்தேன்மா. வாங்கிட்டு வந்து மறுபடியும் கொண்டுபோய் குடுத்தா நல்லா இருக்காதுல்ல."

கதவைத் திறந்து இறங்கினாள். கட்டுப் போட்ட விரல் செலிப்பருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கேட்டைத் தட்டினாள், தோழி வந்தாள், இருவரும் என்னவோ பேசினார்கள், கொஞ்சம் வாக்குவாதம்கூட நடந்தது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இரண்டு கையிலும் ஸ்கேட்ஸ் வைத்திருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"என்னாச்சி?"

"ஆளுக்கு ஒண்ணு வச்சிக்கலாம்னு சொன்னாம்மா. முடியாதுன்னுட்டேன்." ஸ்கேட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கதவை இழுத்துச் சாத்தினாள். "எனக்கு ரெண்டும் வேணும்னு சொல்லிட்டேன்."